மார்ச் 25, 1821: கிரேக்கப் புரட்சி அன்றுதான் தொடங்கியதா?

கேள்வி

வணக்கம். ஓட்டோமான் துருக்கிய ஆட்சிக்கு எதிரான கிரேக்க விடுதலைப் போருக்கு ஒரு காலவரிசை தொகுத்து வருகிறேன். தொடக்க நாளிலேயே தடுமாறி நிற்கிறேன். பத்ராஸ் பேராயர் கெர்மானோஸ் 1821 மார்ச் 25 அன்று அகியா லாவ்ரா மடாலயத்தில் கொடியை உயர்த்திப் புரட்சியைத் தொடங்கிவைத்தார் என்றும், அதனால்தான் அந்த நாள் கிரீஸின் தேசிய நாளாயிற்று என்றும் ஒரு நூல் கூறுகிறது. மற்றொரு நூலோ, மார்ச் 23 அன்றே கலமாத்தா நகரம் கிரேக்கர் கைக்கு வந்துவிட்டது என்கிறது. மூன்றாவது நூலில் ஏப்ரல் 6 என்று இருக்கிறது. இவற்றுள் எதைக் கொள்வது?

மறுமொழி 1

ஏப்ரல் 6 என்பது பிழையன்று. அதே நாள்தான், வேறு நாட்காட்டியில் எண்ணப்பட்டிருக்கிறது. அன்றைய கிரேக்கர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதற்கும் புதிய கிரகோரியன் நாட்காட்டிக்கும் இடையே 12 நாள் வேறுபாடு இருந்தது. எனவே அவர்களுடைய மார்ச் 25, மேற்கு ஐரோப்பாவில் ஏப்ரல் 6 ஆகிறது.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. கிரேக்க அரசு 1923-இல் புதிய நாட்காட்டிக்கு மாறியபோது, பிப்ரவரி 15-க்கு மறுநாள் மார்ச் 1 ஆயிற்று. இடையில் 13 தேதிகள் இல்லாமலே போயின. திருச்சபை உடனே மாறவில்லை. மார்ச் 25 திருச்சபைத் திருநாளாகவும் இருந்ததால், அந்த ஆண்டு அது பழைய கணக்கின்படியே, அதாவது புதிய ஏப்ரல் 7 அன்று வந்தது. மறு ஆண்டு திருச்சபை மார்ச் 10-ஐ மார்ச் 23 என்று எண்ணத் தொடங்கிய பிறகுதான் இரண்டு கணக்குகளும் ஒன்றாயின. மாற்றம் அந்தத் திருநாளுக்குச் சரியாக இரண்டு நாள் முன்பு நிகழ்ந்தது என்பதைக் கவனியுங்கள். உங்கள் காலவரிசையில் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் பழையதா புதியதா என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வரும் நிகழ்ச்சிகள் முன்னால் போய் நிற்கும்.

மறுமொழி 2

நாட்காட்டிச் சிக்கல் தீர்ந்தாலும் அகியா லாவ்ராச் சிக்கல் தீராது. கெர்மானோஸ் தாமே நினைவுக்குறிப்புகள் எழுதியிருக்கிறார்; அவற்றில் அந்த மடாலயத்தில் மார்ச் 25 அன்று கொடி உயர்த்திய செய்தி இல்லை. தம் வாழ்க்கையின் மிகப் பெரிய நாளை ஒருவர் எழுத மறந்திருப்பார் என்று என்னால் நம்ப இயலவில்லை. அந்தக் காட்சியைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு எழுத்தாளர் பூக்வில். பின்னர் 1865-இல் தியோதோரோஸ் விர்சாகிஸ் வரைந்த ஓவியம் அதை மக்கள் மனத்தில் நிலைநிறுத்திவிட்டது. மடாலயத்தில் இன்றும் காட்டப்படும் அந்தக் கொடியில் மரியாளின் துயில், அதாவது அவருடைய இறப்புக் காட்சி, சித்திரிக்கப்பட்டுள்ளது. அது முதலில் கருவறை வாயிலில் தொங்கிய திரைச்சீலை என்பது மரபு. அதை நான் மதிக்கிறேன். ஆனால் காலவரிசையில் அதை நிகழ்ச்சியாக எழுதுவது, மார்ச் 25-க்கு முன்பே உயிரைப் பணயம் வைத்தவர்களுக்குச் செய்யும் அநீதி.

நடந்த வரிசை இதுதான் (எல்லாம் பழைய தேதிகள்): பிப்ரவரி 22 அன்று கிளர்ச்சித் தலைவர் அலெக்சாண்டர் இப்சிலாந்திஸ் புரூத் ஆற்றைக் கடந்து மால்தாவியாவுக்குள் நுழைந்தார். மார்ச் மூன்றாம் வாரத்தில் கிரீஸின் தெற்குத் தீபகற்பமான பெலொப்பொன்னீசில் கலவ்ரிதாவிலும் பத்ராஸிலும் கிளர்ச்சி வெடித்தது. மார்ச் 23 அன்று பெட்ரோபே மவ்ரோமிகாலிஸ் தலைமையில், அத்தீபகற்பத்தின் தென்முனையான மானிப் பகுதியின் வீரர்கள் கலமாத்தாவுக்குள் நுழைந்தார்கள். கிளர்ச்சித் தலைவர்களான கொலொகொத்ரோனிஸும் பாபாஃபிளேசாஸும் உடனிருந்தார்கள். மவ்ரோமிகாலிஸ் ஐரோப்பிய அரசவைகளுக்கு அனுப்பிய வேண்டுகோள் அந்நகரிலிருந்து அந்தத் தேதியிட்டே வெளிவந்தது. எழுத்திலுள்ள சான்று ஒன்றை நீங்கள் தேடுவதாக இருந்தால், எனக்குத் தெரிந்தவரை இதைவிட உறுதியானது வேறில்லை.

மறுமொழி 3

முந்தைய நண்பர் கூறியது சரி. ஆயினும் மார்ச் 25 வெறும் பிற்காலக் கற்பனை என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். அது மங்கள வார்த்தைத் திருநாள். கபிரியேல் தூதர் மரியாளுக்குச் செய்தி சொன்ன நாள். ஒடெசாவில் 1814-இல் தோன்றிய ஃபிலிக்கி எத்தேரியா என்ற இரகசியப் புரட்சிச் சங்கத்தினர், பெலொப்பொன்னீசில் எழுச்சிக்கு முன்கூட்டியே குறித்திருந்ததும் இந்த நாளைத்தான். செய்தி கசிந்துவிடும் என்ற அச்சத்திலும் அவசரத்திலும் எழுச்சி சில நாள் முந்திக்கொண்டது. பிறகு 1838-இல் கிரீஸின் மன்னர் ஓத்தோ ஓர் ஆணையின் வழியாக மார்ச் 25-ஐ என்றென்றைக்குமான தேசிய நாளாக அறிவித்தார். ஆக, அது எழுச்சி நடந்த நாள் அல்ல, அதற்காகக் குறிக்கப்பட்ட நாள். அப்படிக் குறித்ததிலும் ஒரு வரலாறு இருக்கிறது.

இந்த இரட்டைத் தன்மையைக் கிரேக்க வீடுகளில் இன்றும் காணலாம். காலையில் அணிவகுப்பு, மதியம் உப்பிட்டு உலர்த்திய காட் மீனை ஊறவைத்து, மாவில் தோய்த்துப் பொரித்து, பூண்டரைத்த ஸ்கோர்தலியாவுடன் உண்கிறார்கள். தவக்காலத்தில் மீன் உண்ண அனுமதி உள்ள மிகச் சில நாள்களில் அதுவும் ஒன்று.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கலமாத்தாவை மார்ச் 23-இலும், 1838 ஆணையைத் தனிப் பதிவாகவும் சேர்த்துவிட்டேன். அகியா லாவ்ராவை நீக்கவில்லை. விர்சாகிஸின் ஓவியத்துக்குரிய 1865-ஆம் ஆண்டுக்குக் கீழே கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.