பொருள்: கண்மாய்க்கு இன்னொரு இட்டாச்சி வேண்டாம்

பெரியவர்களுக்கும் தம்பி, தங்கைகளுக்கும் வணக்கம்.

இட்டாச்சி (மண் அள்ளும் இயந்திரம்) வைத்து நம் ஊர்க் கண்மாயை மறுபடி தூர்வாரப் பணம் சேர்ப்போம் என்று சிங்கப்பூர் மாமா போட்ட மடலையும், அதற்குக் கீழே "என் பங்கு பத்தாயிரம்", "நான் இருபது தருகிறேன்" என்று வரிசையாக வந்ததையும் பார்த்தேன். மனசு நிறைந்தது. ஆனாலும் கொஞ்சம் பொறுங்கள். 2019-இல் இதையேதான் செய்தோம்.

அப்போது இட்டாச்சி பதினோரு நாள் ஓடியது. படங்கள் வந்தன, நானும் வேலையிடத்தில் எல்லோருக்கும் காட்டினேன். மண் அள்ளத் தோதாக இருந்தது என்று கரையை ஒட்டியே ஆழமாகத் தோண்டிவிட்டார்கள். தண்ணீர் வெளியேறும் மடை வாசலைவிடக் கண்மாயின் உள்தரை நாலடி பள்ளம். மழை பெய்தது, தண்ணீரும் நின்றது, ஆனால் மடை ஏறவில்லை. கிணறுகளில் ஊற்று கூடியது, அதை மறுக்கவில்லை. வயலுக்கு மட்டும் ஒரு பாய்ச்சல்கூட இல்லை. கரையின் அடிக்காலும் பலவீனமானது. வண்டல் நம் வயல்களுக்குப் போனதைவிட லாரியில் வெளியே போனதுதான் அதிகம் என்று ஊரில் சொல்கிறார்கள். ஒப்பந்தம் எடுத்தவரைக் கேட்க நாம் யாரும் அங்கே இல்லையே! கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை யாருமே தொடவில்லை. இரண்டு மழைக்குள் சீமைக்கருவேலம் பழையபடி தலைக்கு மேல் நின்றது.

நம் தாத்தாக்கள் கண்மாயை இப்படிப் பத்து வருடத்துக்கு ஒரு தடவை பார்க்கவில்லை. கோடையில் தண்ணீர் வற்றியதும் நிலத்துக்கு ஏற்றபடி வீட்டுக்கு இத்தனை ஆள், மண்வெட்டியோடு வந்தாக வேண்டும். குடிமராமத்து என்று நாம் கேட்டு வளர்ந்தது இதைத்தான். வராதவர்களிடம் பணமாக வசூலிக்க 1858-இல் வெள்ளைக்காரன் சட்டமே போட்டான் என்றால், அப்போதே ஆட்கள் நழுவ ஆரம்பித்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம். 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தபோது ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது அந்தத் தண்ணீரில் பயிர் செய்பவர்கள், பங்கு 10 சதவீதம், பணமாகவோ உழைப்பாகவோ தரலாம் என்றார்கள். அந்தப் பத்தையும் வெளியூர்க்காரர்களான நாமே கட்டிவிட்டால் ஊரில் இருப்பவனுக்குக் கண்மாயோடு என்ன ஒட்டு இருக்கும்?

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்றும் நான் சொல்ல மாட்டேன். குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றவர்கள் யார், மண் சுமந்தவர்கள் யார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சிக்கு அறுப்பு சமயத்தில் வயலுக்கு இவ்வளவு கதிர் என்று கொடுத்தோம், திண்ணையில் உட்கார இடம் கொடுக்கவில்லை. ஆனால் மடையைத் திறக்கும் உரிமை அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. அந்த ஆயக்கட்டில் அவருக்கு ஒரு குழி நிலம் கிடையாது, அதனாலேயே யார் பக்கமும் சாயாமல் கடைசி வயல்வரை தண்ணீர் கொண்டுபோனார். அவர் மகன் திருப்பூருக்குப் போனதோடு அந்த வேலை நின்றது. இன்று யார் கையில் மடை திறக்கும் கம்பி இருக்கிறதோ அவர் திறக்கிறார். கண்மாயில் மீன் பிடிக்கும் மீன்பாசி குத்தகைக்காரர் ராத்திரியில் திறந்து விடுகிறார் என்று ஒவ்வொரு வருடமும் சண்டை.

எனக்கு வேண்டியது ஒரு நீர்பாய்ச்சி. சாதி பார்க்காமல், மாதச் சம்பளத்துக்கு. பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. நூறு நாள் வேலையில் நம் வாய்க்கால்களை இத்தனை வருடம் வெட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான், எந்த இடத்தில் அடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நாற்பது பேர் மாதம் ஐந்நூறு ரூபாய் போட்டால் இருபதாயிரம். சம்பளம் போக, மடைக்குக் கிரீஸ் போடவும், கருவேலங்கன்று முளைத்ததுமே வேரோடு பிடுங்கவும் மிச்சம் இருக்கும். அதிலும் நாம் பாதிதான் தருவோம், மீதியை ஆயக்கட்டுக்காரர்களும் மீன்பாசிப் பணமும் தரட்டும். அதனால் திருவிழாவுக்கு வாணவெடி கொஞ்சம் குறைந்தால் அய்யனார் கோபித்துக்கொள்ள மாட்டார், கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருப்பவர்தானே அவர்.

தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணிப் பெரிய குளத்தை உதாரணமாகச் சிலர் எழுதியிருந்தீர்கள். சரி, கஜா புயலுக்குப் பிறகு அங்கே நல்ல வேலை நடந்தது. ஆனால் முன்னால் நின்றது அந்தப் பகுதி இளைஞர்களே. அதனால் வெளியூரில் இருக்கும் நம்மில் யாரும் கண்மாய்ச் சங்கத்தில் பொறுப்பு எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து, நான் உட்பட.

அப்புறம் கணக்கு. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்குக் குடவோலை எடுத்த விதிகள் இருக்கின்றன, பராந்தக சோழன் காலம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய உறவினரும் நிற்க முடியாது. 2019 வசூலுக்கு இன்னும் முழுக் கணக்கு வரவில்லை. யாரையும் குத்திச் சொல்லவில்லை, ரசீது இருப்பவர்கள் அனுப்புங்கள், சாவடிச் சுவரில் எழுதி வைத்துவிடலாம்.

தையில் பதினைந்து நாள் ஊரில் இருப்பேன். மடை வாசலுக்கும் பள்ளத்துக்கும் மட்டம் பார்த்து, வரத்துக்கால் எங்கெங்கே அடைந்திருக்கிறது என்று நடந்து பார்த்து எழுதுகிறேன். அதுவரை யாரும் பணம் அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
கீழத்தெரு, பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீடு
(இப்போது தோகா)