விரியன் பெருகிய வயலில் கீரிகளைக் கொண்டுவந்து விடலாமா?

கேள்வி – களத்துமேடு

வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் எங்களுக்கு நெல்வயலும் அதை ஒட்டி ஒரு சிறு தென்னந்தோப்பும் உள்ளன. கடந்த இரண்டு அறுவடைகளிலும் கதிர்க்கட்டுகளுக்கு அடியில் கண்ணாடி விரியன் குட்டிகளைக் கண்டோம். களையெடுக்க வரும் பெண்கள் வரப்பில் கால்வைக்கவே அஞ்சுகிறார்கள். என் சிறுவயதில் கிணற்றடிப் புதரிலிருந்து கீரி ஒன்று குட்டிகளோடு வெளியே வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். புதரை வெட்டிய பிறகு அது கண்ணில் படவேயில்லை. நச்சுப்பாம்புகளை இயற்கையாகக் கட்டுப்படுத்தும் உயிர்கள் எவை? வேறிடத்திலிருந்து கீரிகளைப் பிடித்துவந்து விட்டால் பயன் இருக்குமா? கடிபட்ட கீரி பச்சிலை ஒன்றைத் தின்று நஞ்சை முறித்துக்கொள்ளும் என்று தாத்தா சொல்வார், அது உண்மைதானா?

மறுமொழி – விலங்கியல் ஆசிரியர்

பச்சிலைக் கதை ஊர்தோறும் உண்டு, ஆனால் கீரியின் பாதுகாப்பு அதன் உடலுக்குள்ளேயே இருக்கிறது. நரம்பு இடும் கட்டளையைத் தசை பெற்றுக்கொள்ளும் இடத்தில் அசிட்டைல்கோலின் ஏற்பி என்ற புரதம் உள்ளது. நல்லபாம்பின் நரம்புநஞ்சு அங்கே போய் ஒட்டிக்கொள்வதால்தான் கடிபட்டவருக்கு இமை சரிந்து மூச்சுத் திணறுகிறது. கீரியின் ஏற்பியில் அந்த இடம் சற்று மாறியிருப்பதுடன் ஒரு சர்க்கரைச் சங்கிலியும் இணைந்திருப்பதால் நஞ்சு பற்றிக்கொள்ள முடிவதில்லை என்பதை இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தினர் 1990களில் விளக்கினர். நாகத்தின் ஏற்பியிலும் இதுபோன்ற சங்கிலி உண்டு என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஆனால் தங்கள் வயலில் இருப்பது விரியன். அதன் நஞ்சு முதன்மையாக இரத்தத்தைத் தாக்குவது. ஆகவே மேற்சொன்ன அமைப்பு அதற்கு விடையாகாது. கீரி அங்கே பெரிதும் நம்புவது தன் விரைவைத்தான். மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பாம்பை மீண்டும் மீண்டும் சீறிப் பாயவைத்து, அது சோர்ந்த நொடியில் தலையைக் கவ்வும். நஞ்சு மிகுதியாக ஏறினால் கீரியும் இறக்கும். அதோடு, கீரி பகலில் திரிவது. கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் பெரும்பாலும் இரவில் இரைதேடுபவை.

மறுமொழி – வானம்பாடி

பறவைகளை மறந்துவிட வேண்டாம். பாம்புக் கழுகுகளுக்கு நஞ்செதிர்ப்பு கிடையாது. கால்களை மூடிய தடித்த செதில்களும் தலையை முதலில் நசுக்கும் பழக்கமுமே அவற்றைக் காக்கின்றன. தோப்பில் செம்போத்து இருக்கிறதா என்று பாருங்கள். வேலியோரம் தத்தித் திரியும் அந்தப் பறவை சுருட்டை விரியனைக்கூடத் தின்னும். மயிலும் சிறு பாம்புகளைக் கொத்தித் தின்னும், ஆனால் நெல்லுக்கு அதனால் வரும் சேதம் உங்களுக்கே தெரிந்திருக்கும். பாம்பைத் தின்னும் பாம்புகளும் உண்டு. ராஜநாகம் மலைக்காட்டுக்கு உரியது, அதை டெல்டாவில் எதிர்பார்க்க முடியாது. கட்டுவிரியன் பிற பாம்புகளைத் தின்னும் என்றாலும், அதை வரவேற்க எவருக்கும் மனம் வராது.

மறுமொழி – நெய்தல்

கீரியைக் கொண்டுவந்து விடுவது பற்றி நான் அழுத்தமாகவே மறுப்புச் சொல்கிறேன், ஏனென்றால் ஜப்பான் அதைச் செய்துபார்த்திருக்கிறது. ஹாபு என்னும் நச்சுக் குழிவிரியனையும் எலிகளையும் ஒழிப்பதற்காக 1910இல் ஒக்கினாவா தீவிலும், 1979இல் ஏறத்தாழ 30 கீரிகளாக அமாமி ஒஷிமா தீவிலும் நம் நாட்டுச் சிறு கீரியை விட்டார்கள். ஹாபு இரவில் திரிவது, கீரி பகலில் திரிவது. இரண்டும் சந்தித்ததே அரிது. உலகில் வேறெங்கும் பெருமளவில் இல்லாத அமாமிக் கருமுயல் உள்ளிட்ட தீவு உயிர்களைத்தான் கீரிகள் தின்று குறைத்தன. பொறிகளும் மோப்ப நாய்களும் கொண்டு பல்லாண்டுகள் உழைத்த பின்னரே, 2024 செப்டம்பரில் அமாமியில் கீரி முற்றிலும் அகற்றப்பட்டதாக அந்நாட்டு அரசு அறிவித்தது.

உங்கள் ஊர்க் கீரி அந்த மண்ணுக்கே உரியது. ஆகவே தீவில் நேர்ந்தது அப்படியே இங்கு நேரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிடித்துவந்து விட்ட கீரி புதரும் வளையும் இல்லாத இடத்தில் நிற்காது. அதைப் பிடிப்பதே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்; தூரிகை மயிருக்காக அதை வேட்டையாடுவோரால் ஏற்கெனவே பெரிய இழப்பு.

மறுமொழி – விலங்கியல் ஆசிரியர்

ஒன்றைச் சேர்க்கிறேன். கண்ணாடி விரியன் முட்டையிடாமல் குட்டி போடும். ஒரே ஈற்றில் 20 முதல் 40 வரை பிறப்பது வழக்கம். கீரி, செம்போத்து, ஆந்தை, உடும்பு ஆகியவை குறைப்பது பெரும்பாலும் இந்தக் குட்டிகளைத்தான். வளர்ந்த விரியனை வயலுக்கு இழுத்துவருவது எலி. சாரையைக் கண்டதும் அடிக்கும் வழக்கம் உங்கள் ஊரில் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். எலியைத் தின்னும் நஞ்சற்ற பாம்பு அது. களையெடுப்போருக்கு முழங்கால்வரை வரும் ரப்பர் காலணி வாங்கித் தருவது இவை எல்லாவற்றையும்விட அவசரமானது. யாரேனும் கடிபட்டால் கட்டுப்போடுவதிலோ பச்சிலையிலோ நேரம் கழிக்காமல், நச்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

மறுமொழி – களத்துமேடு

அனைவருக்கும் நன்றி. போன மாதம் எங்கள் ஆட்கள் அடித்துப்போட்டது ஆறடிச் சாரை. அதை எண்ணி வருந்துகிறேன். வீட்டுச் சுவரை ஒட்டியிருக்கும் வைக்கோற்போரில் எலிவளைகள் இருப்பதால் அதைக் களத்தின் மறுகோடிக்கு மாற்றப்போகிறோம். கிணற்றடியில் மீண்டும் தழைத்துவரும் காரைப்புதரை இந்த வாரம் வெட்டுவதாக இருந்த அப்பாவிடம், இந்த மறுமொழிகளைப் படித்துக் காட்டினேன். அரிவாளை எடுத்துவைத்துவிட்டார்.