ஒரே ஆட்டத்துக்கு இரண்டு பேர் எழுதிய குறிப்பு

கிளப்பில் ஆடிய சொந்த ஆட்டத்துக்கு நகர்வு நகர்வாகக் குறிப்பு எழுதுகிறவர்கள் அவரவர் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். நகர்வுகளைக் குறிக்கும் தாளான ஸ்கோர்ஷீட்டில் இருப்பது இரண்டு பேர் ஆடிய ஆட்டம். அதற்கு ஒருவர் மட்டும் குறிப்பு எழுதினால் பாதி ஆட்டம்தான் கைக்கு வரும். எதிரே உட்கார்ந்தவரையும் எழுதவைக்க வேண்டும்.

நான் ஆடுவது கொருக்குப்பேட்டையில் ஒரு மன்றத்தின் மாடியில். கீழே கேரம், மேலே செஸ். அன்று எனக்கு எதிரே உட்கார்ந்தவர் துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் கணக்கு எழுதும் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வயதில் என் அப்பாவுக்குச் சமம், ஆனால் மன்றத்தில் பொடிப்பசங்க முதல் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். ஆளுக்கு 90 நிமிடம், நகர்வுக்கு 30 விநாடி கூடுதல். நான் வெள்ளை. கீழே ஒவ்வொரு எண்ணிலும் முதலில் வெள்ளையின் நகர்வு, அடுத்தது கறுப்பின் நகர்வு; காயின் பெயர் இல்லாவிட்டால் சிப்பாய், × என்றால் வெட்டு.

1. இ4 இ6 2. டி4 டி5 3. இ5 சி5 4. சி3 குதிரை சி6 5. குதிரை எஃப்3 ராணி பி6 6. பிஷப் டி3 சி×டி4 7. சி×டி4 பிஷப் டி7

கறுப்பு இ6 என்று தொடங்கும் பிரெஞ்ச் டிஃபென்ஸ் திறப்பில் இது பழைய பாதை. ஏழாவது நகர்வில் கறுப்பு அவசரப்பட்டுக் குதிரையால் டி4 சிப்பாயை எடுத்தால், 8. குதிரை×டி4 ராணி×டி4 9. பிஷப் பி5 செக். பிஷப் விலகியதும் டி வரிசை திறந்து, டி1-ல் இருக்கும் என் ராணி அவருடைய ராணியைத் தூக்கிவிடும். அதனால்தான் அண்ணன் முதலில் பிஷப்பை டி7-ல் வைத்து அந்தச் செக்கை அடைத்தார். இப்போது டி4 நிஜமாகவே ஆபத்தில் இருக்கிறது.

8. கேஸில், குதிரை×டி4 9. குதிரை×டி4 ராணி×டி4 10. குதிரை சி3

நான் சிப்பாயைக் காப்பாற்றவில்லை. இது மில்னர்-பாரி கேம்பிட், அதாவது தாக்குதலுக்காகச் சிப்பாயை வேண்டுமென்றே கொடுக்கும் திறப்பு. அந்த மில்னர்-பாரி இரண்டாம் உலகப்போரில் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியர்களின் ரகசியக் குறியீடுகளை உடைத்த குழுவில் இருந்த ஆங்கிலேயர். அவர் பெயரிலுள்ள திறப்பை ஆடும்போது எனக்குள் ஒரு தெம்பு வரும், அதை மறைக்க மாட்டேன். என் குறிப்பில் 8வது நகர்வுக்கு எழுதியது: "சிப்பாயைக் கொடுக்கிறேன். அவர் ராணி நடுப்பலகையில் மாட்டும், அதைத் துரத்தியே என் காய்கள் வெளியே வந்துவிடும்." அதே நகர்வுக்கு அண்ணன் எழுதியது: "தம்பி டி4-ஐ மறந்துட்டான். பாவம். எடுத்துக்கறேன்."

இதைப் படித்ததும் எனக்கு அந்த ஆட்டமே வேறாகத் தெரிந்தது. அவர் தைரியமாகச் சவாலை ஏற்றுக்கொண்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவருக்கு அங்கே சவால் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

10... ராணி×இ5 11. யானை இ1 ராணி பி8 12. குதிரை×டி5

பத்தாவது நகர்வில் வழக்கமான பதில் ஏ6. குதிரை பி5-க்கு வராமல் தடுக்கும். அண்ணன் இரண்டாவது சிப்பாயையும் எடுத்தார். "நடுவுல வெள்ளைக்கு இனிமே ஒண்ணும் இல்ல" என்று எழுதியிருக்கிறார். எடுத்தது சிப்பாய், ஆனால் திறந்தது இ வரிசை. என் யானை இ1-ல், அவர் ராஜா இ8-ல், நடுவே இ6 சிப்பாய் மட்டும். அந்தச் சிப்பாய் குறுக்கே போய் வெட்டினால் ராஜாவுக்குச் செக் விழும், ஆகவே வெட்டவே கூடாது. என் குதிரை அதன் வாய்க்கு நேரே டி5-ல் போய் நின்றது. இரண்டில் ஒரு சிப்பாய் திரும்பி வந்தாயிற்று.

இங்கே அவர் 18 நிமிடம் யோசித்தார். கை பலகைக்கு மேலே வந்து திரும்பிப் போனது. சிப்பாயால் எடுக்க முடியாதது இப்போதுதான் உறைக்கிறது போல என்று நான் குறித்துவைத்தேன். அவர் குறிப்பு வேறு மாதிரி: "குதிரையை எடுக்க முடியாதுன்னு உடனே தெரிஞ்சுது. ராஜாவை எஃப்8-க்குக் கொண்டுபோனா எடுக்கலாம். ஆனா அதுக்குள்ள பிஷப்பை எஃப்4-ல வெச்சு ராணியைத் துரத்துவான். முதல்ல அதை அடைக்கணும்." அந்த 18 நிமிடமும் இரண்டு நகர்வுத் திட்டம் ஒன்றுக்காகப் போயிருக்கிறது!

12... பிஷப் டி6 13. ராணி ஜி4 ராஜா எஃப்8 14. பிஷப் டி2

பிஷப் டி6-ஐப் பார்த்ததும் என் கண் ஹெச்2-க்குப் போனது. அங்கே செக் அடிக்கப் பார்க்கிறார் என்றுதான் எழுதியிருக்கிறேன். அவர் குறிப்பில் ஹெச்2 என்ற கட்டமே இல்லை. ராணி ஜி4 ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, ஜி7-ஐத் தாக்குகிறது. இன்னொன்று கொஞ்சம் மறைவானது: ஜி4-லிருந்து டி7 வரை போகும் மூலைவிட்டத்தில் நடுவே அதே இ6 சிப்பாய். ராஜா எஃப்8-க்குப் போனதும் சிப்பாய்க்கு முதல் கட்டு அவிழ்ந்தது, உடனே இரண்டாவது கட்டு விழுந்தது. இப்போது அது டி5 குதிரையை எடுத்தால் என் ராணி டி7 பிஷப்பை எடுக்கும். அண்ணன் எழுதியிருந்தார்: "ரெண்டாவது தடவையும் அந்தக் குதிரை தப்பிச்சுது. இந்த இ6 சிப்பாய் என்னோடதா அவனோடதா?" என் பக்கத்தில் எவ்வளவு எழுதினாலும் இந்த ஒரு வரிக்கு ஈடாகாது. ஆட்டத்தின் கதையே அந்தச் சிப்பாய்தான்.

அதற்கப்புறம் காய்கள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டன, என் தாக்குதல் தணிந்தது, அவர் பொறுமையாக ஆடிக் கூடுதல் சிப்பாயைப் பிடித்துக்கொண்டார். அதையெல்லாம் இங்கே எழுதவில்லை. கடைசிக் கட்டத்துக்கு வருகிறேன். என் ராஜா ஜி2, வெள்ளைக்கட்ட பிஷப் பி5. அவருக்கு ராஜா டி2, கறுப்புக்கட்ட பிஷப் சி5, சிப்பாய்கள் இ3, ஹெச்4. எனக்குச் சிப்பாயே இல்லை. அவர் இ2 என்று தள்ளினார். நான் பிஷப்பால் அதை எடுத்தேன், அவர் ராஜா என் பிஷப்பை எடுத்தது. முழு பிஷப்பும் ஒரு சிப்பாயும் அவரிடம், என்னிடம் ராஜா மட்டும். ஆனாலும் டிரா! ஹெச் சிப்பாய் ராணியாகும் கட்டம் ஹெச்1, அது வெள்ளைக் கட்டம். அவர் பிஷப் ஓடுவது கறுப்புக் கட்டத்தில். என் ராஜா அந்த மூலையில் போய் உட்கார்ந்துவிட்டால் கிளப்ப வழியே கிடையாது. அண்ணன் குறிப்பு: "ஜெயிச்சாச்சுன்னு நெனச்சேன். மூலைக் கட்டத்தோட கலரைப் பார்த்தேன். கை கொடுத்தேன்."

ஆட்டம் முடிந்ததும் பேசுவதை நாம் போஸ்ட்மார்ட்டம் என்கிறோம். பேச்சு காற்றோடு போய்விடும். எழுதினால்தான் நிற்கும். முன்னாள் உலக சாம்பியன் போட்வின்னிக் சொந்த ஆட்டங்களை அலசி, அதை அச்சில் வெளியிடவும் சொன்னார். அடுத்தவர் குறை கண்டுபிடிக்கட்டும், அப்போதுதான் நம் கணிப்பு நேர்மையாக இருக்கும் என்பது அவர் எண்ணம். நம் முதல் வாசகர் எதிராளியாக இருந்தால் அந்த வேலை இன்னும் சீக்கிரம் நடக்கும்.

ஆட்டத்தை அலசும் கணினி நிரலான எஞ்சினை வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் 14வது ஆட்டத்தைச் சொல்வேன். அப்போதைய சாம்பியன் டிங் லிரென் 55வது நகர்வில் யானையை எஃப்2-ல் வைத்ததும் எஞ்சின் கணக்கு ஒரே நொடியில் கவிழ்ந்தது. நம் குகேஷுக்கு அது உடனே தெரியவில்லை. யானையை பி3-க்கு ஆடப்போனதாகவும், அப்புறம்தான் எதிராளியின் பிஷப் சிக்குவதைப் பார்த்ததாகவும் அவரே சொன்னார். எஞ்சின் சொல்லும் எண்ணில் இந்தத் தடுமாற்றம் வராது. அது ஆடியவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

குறிப்புக்கு அடிப்படையாக ஸ்கோர்ஷீட்டிலேயே ஒரு வேலை செய்துவிடலாம். சில நகர்வுக்கு ஒருமுறை கடிகாரத்தில் மிச்சமுள்ள நேரத்தை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி அதை அனுமதிக்கிறது. எண்ணங்களை எழுதத்தான் கூடாது. எங்கே நேரம் கரைந்திருக்கிறதோ அங்கேதான் குறிப்பு எழுத விஷயம் இருக்கும்.

*

வில்லிவாக்கத்திலிருந்து எழுதுகிறேன். நான் ஆடுகிறவள் இல்லை, ஆடும் பெண்ணின் அம்மா. தம்பி எழுதியதைப் படித்ததும் மகளை அழைத்துக்கொண்டு போன ஒரு போட்டி நினைவுக்கு வந்தது.

அன்று அவள் தோற்றுவிட்டு வெளியே வந்து அழுதாள். சமாதானம் சொல்லலாம் என்று கிட்டே போனால், ஜெயித்த பெண்ணும் பின்னாலேயே வந்துவிட்டாள். சின்னது, என் மகளைவிட ஒரு வகுப்பு கீழே. இரண்டும் நடைபாதையில் தரையில் உட்கார்ந்து, சுருட்டி வைக்கும் போர்டை விரித்து, முதல் நகர்விலிருந்து மறுபடி ஆடின. "இங்க நீ குதிரையை எடுப்பேன்னு பயந்தேன்க்கா" என்றது சின்னது. "நான் அந்தக் குதிரையைப் பார்க்கவே இல்லையே" என்றாள் இவள். அழுகை நின்றுவிட்டது. ஜெயித்தவளும் பயந்துகொண்டுதான் ஆடியிருக்கிறாள் என்று தெரிந்ததே காரணம் என்பது என் கணிப்பு.

வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதச் சொன்னேன். பயிற்சியில் ஆங்கிலத்தில் எழுதுவாள், ஒரு வரி, அரை வரிதான் வரும். தமிழில் எழுதச் சொன்னதும் பக்கம் நிறைந்தது. "அவ யானையைக் கொண்டுவரும்போது எனக்கு வயித்தைக் கலக்குச்சு" என்றெல்லாம் எழுதியிருந்தாள். பிள்ளைகளுக்கு எந்த மொழியில் பயம் வருகிறதோ அந்த மொழியில் எழுதவிடுங்கள். நல்ல நகர்வுக்கு ஆச்சரியக்குறி, தவறுக்குக் கேள்விக்குறியெல்லாம் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

*

திருவொற்றியூரிலிருந்து. எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை, மனசில் பட்டதைச் சொல்கிறேன்.

போஸ்ட்மார்ட்டத்தில் எதிராளி எப்போதும் உண்மை சொல்வார் என்று என்ன நிச்சயம்? நான் ஆடிய இடங்களில் பாதிப் பேர் "அதையும் பார்த்தேன், இதையும் பார்த்தேன்" என்பார்கள். ஜெயித்தவர் என்றால் கேட்கவே வேண்டாம், முதல் நகர்விலிருந்தே எல்லாம் திட்டம்தான். வேண்டுமென்று பொய் சொல்கிறார்கள் என்று சொல்லவில்லை. முடிவு தெரிந்தபின் பழைய யோசனை தானாக மாறிவிடுகிறது. எனக்கும் அது நடக்கும், எல்லோருக்கும் நடக்கும்.

இன்னொன்று, நான் பெரும்பாலும் ஆடுவது 3 நிமிடம், 2 விநாடி கூடுதல் பிளிட்ஸ். அதில் எழுதவே நேரம் கிடையாது. ராத்திரி நினைவிலிருந்து எழுதுவேன். நகர்வுகள் வந்துவிடும், யோசனை வராது. அப்படிப்பட்ட ஆட்டத்துக்கு இரண்டு பேர் குறிப்பு எழுதி என்ன கிடைக்கும்?

*

கொருக்குப்பேட்டைக்காரன் மறுபடி. திருவொற்றியூர் நண்பர் கேட்டது சரியான கேள்வி. பிளிட்ஸுக்கு இது ஒத்துவராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்வது நீண்ட ஆட்டத்துக்கு மட்டும்.

முதல் கேள்விக்கு நாங்கள் செய்வது இதுதான். ஆட்டம் முடிந்து கைகொடுத்ததும் பேச்சைத் தொடங்குவதில்லை. டீ வாங்கி வந்து ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, அவரவர் ஸ்கோர்ஷீட்டைப் பார்த்து அவரவர் நோட்டில் எழுதிவிடுவோம். அழகாக எழுத வேண்டியதில்லை, நகர்வுக்கு ஒரு வரி போதும், யோசிக்காமல் ஆடியிருந்தால் "யோசிக்கல" என்றே எழுதுவோம். அப்புறம் நோட்டை மாற்றிக்கொள்வோம். போர்டைத் தொடுவது அதற்குப் பிறகுதான், எஞ்சினைத் தொடுவது நாங்கள் வீட்டுக்குப் போனபிறகு. முடிவு தெரிந்தபின் எழுதுவதால் கொஞ்சம் பூச்சு சேரத்தான் செய்யும். ஆனால் எதிராளி எழுதியதைப் பார்க்காமல் எழுதினால், அவர் சொன்னதற்கு ஏற்ப நம் கதையைத் திருத்த முடியாது. "தம்பி மறந்துட்டான், பாவம்" என்ற வரியை அண்ணன் என் நோட்டைப் பார்த்தபின் எழுதியிருப்பாரா? நேரே கேட்டேன். "எழுதியிருக்க மாட்டேன் தம்பி, கௌரவம் விடாது" என்றார்.

வில்லிவாக்கம் அக்கா சொன்ன மொழி விஷயத்தையும் அவரிடம் சொன்னேன். டாலி ஷீட்டில் கப்பல் சரக்கை இத்தனை வருடம் ஆங்கிலத்தில் எழுதியவர், செஸ் நோட்டை மட்டும் தமிழில்தான் எழுதுகிறார்.

வீட்டில் எஞ்சினில் போட்டுப் பார்த்ததில், கறுப்பு ஒழுங்காகக் காத்தால் நான் கொடுத்த சிப்பாய்க்கு முழு ஈடு கிடைக்காது என்கிறது. அண்ணனிடம் காட்டினேன். அடுத்த தடவை பத்தாவது நகர்வில் ஏ6 ஆடப்போவதாகச் சொல்லிவிட்டார். நான் 11. ராணி இ2, குதிரை இ7 12. ராஜா ஹெச்1 என்று ராஜாவை ஓரமாக ஒதுக்கிவிட்டு எஃப்4 தள்ளும் வகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதைக் கறுப்பாக ஆடியவர்கள் இருந்தால், அந்த எஃப்4-ஐப் பார்த்ததும் மனதில் என்ன ஓடியது என்று எழுதுங்கள். எனக்கு வேண்டியது அந்தப் பக்கத்துக் குறிப்புதான்.