காமன் கூத்தும் மனத்தாங்கலும்

கேள்வி (அட்டன், இலங்கை): எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்துக்கான கம்பம் ஊன்றியதும் நான் விரதமிருந்து ரதியாக ஆடவேண்டும். மதனாக (காமனாக) ஆடும் நண்பனோ, சென்ற ஆண்டு என் பெண்வேடத்தைக் கேலிசெய்து பாட்டுக் கொப்பியைக் கிழித்தவன். மனத்தில் வெறுப்போடு விரதக் காப்புக் கட்டலாமா?

மறுமொழி (பண்டாரவளை): கட்டலாம், தம்பி. வெறுப்பு முழுதும் தீரட்டும் என்று காத்திருந்தால் எந்தத் தோட்டத்திலும் கூத்து நடக்காது. ரதியின் புலம்பலுக்கு இரங்கித்தான், தாம் எரித்த மதனைச் சிவன் மீண்டும் எழுப்புகிறார். ஆகவே அந்தப் புலம்பலை உள்ளன்போடு பாடப் பழகுங்கள்.

மறுமொழி (மஸ்கெலியா): பாட்டு மட்டும் போதாது. காப்புக்கு முன்பே, கூத்தைப் பழக்கும் மாஸ்டர் முன்னிலையில் நண்பனிடம் பேசிவிடுங்கள். கிழித்ததை எழுதித் தருமாறு கேட்பதில் தவறில்லை.

கேட்டவர்: பேசினேன், அண்ணா. பெரியவர்களிடம் கேட்டு எழுதித் தருவதாகச் சொன்னான். மன்னிப்பைப் பற்றி இருவரும் இன்னும் பேசவில்லை.