மறு: கிக்பேக்குக்குப் பின்னுதைப்பா, எகிறலா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மரம் அறுக்கும் செயின்சாவுக்குத் தமிழில் சங்கிலி வாளா சங்கிலி ரம்பமா என்று இனியும் மல்லுக்கட்ட வேண்டாம். ஈர்வாள் நல்ல பழைய சொல்தான்; ஆனால் வாள் என்றதும் இன்றைக்குப் போர்வாள்தான் கண்ணில் வருகிறது. ரம்பம் ஊரறிந்த சொல். முன்னால் 'இ' சேர்த்து எழுத விரும்புகிறவர்கள் எழுதட்டும், நான் சேர்க்கப் போவதில்லை.

எனக்கு அவசரமாகத் தேவைப்படுவது கிக்பேக்கிற்கு, அதாவது அறுக்கும்போது மெஷினின் நுனி திடீரென்று ஆளை நோக்கி எழும்புவதற்கு, ஒரு சொல். இங்கே சிங்கப்பூரில் மரம் வெட்டும் எங்கள் ஆட்களுக்கு, எந்த வேலைக்கு எந்த மெஷினை எடுப்பது என்று ஒரு தமிழ்க் குறிப்பு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலோர் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். கையில் இருப்பவை இரண்டு. ஒன்று ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 261: 50 சிசி, 3 கிலோவாட், பாரும் சங்கிலியும் இல்லாமல் 4.9 கிலோ. மற்றொன்று எம்எஸ் 462: 72 சிசி, 4.4 கிலோவாட், 6 கிலோ. (சிசிக்குத் தமிழ் தேட வேண்டாம். பைக் வைத்திருக்கும் எல்லாருக்கும் அது தெரியும்.) சங்கிலி ஓடும் தகட்டுக்கும் 'பார்' என்றே விடுகிறேன். பட்டை என்றால் மரப்பட்டையோடு குழம்பும். அலகு என்றால் அதே தாளில் அளவலகு வந்து நிற்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மதுரை ஐயா எழுதியிருந்தார்:

> உதைப்பில் விசை தெரிகிறது, 'பின்' என்பதில் திசை தெரிகிறது. பின்னுதைப்பு போதாதா?

போதாது ஐயா. திசையில்தான் சிக்கலே. பாரின் அடிப்பக்கத்தில் சங்கிலி நம்மை நோக்கி ஓடுகிறது, மேல்பக்கத்தில் நம்மை விட்டு ஓடுகிறது. அடிப்பக்கத்தால் அறுத்தால் மெஷின் மரத்துக்குள் இழுக்கும். மேல்பக்கத்தால் அறுத்தால் நேராகப் பின்னால், நம் வயிற்றுப் பக்கம் தள்ளும். விழுந்து கிடக்கும் கிளையைக் கீழிருந்து அறுக்கும்போதெல்லாம் இந்தத் தள்ளல் இருக்கும். காலை ஊன்றி நின்றால் சமாளித்துவிடலாம். பின்னுதைப்பு என்றால் ஆட்கள் இதைத்தான் நினைப்பார்கள். அல்லது புல்லட்டில் கிக்கர் திருப்பி அடிக்குமே, அதை நினைப்பார்கள்.

கிக்பேக் வேறு. பார் நுனியின் மேல் கால்பகுதி எதிலாவது பட்டதும் சங்கிலி அங்கே கடித்துக்கொள்கிறது. ஓடும் வேகம் முழுவதும் பாரைத் தூக்கிவிடுகிறது. பார் மேலே எழும்பி, வளைந்து, முகத்துக்கும் கழுத்துக்கும் வருகிறது. ஆள் சுதாரிப்பதற்குள் எல்லாம் நடந்துவிடும். அதனால்தான் முன் கைப்பிடிக்கு முன்னால் அந்தக் காப்பு நிற்கிறது: புறங்கை பட்டாலும் சங்கிலியை நிறுத்தும் பிரேக் விழும், எகிறல் பலமாக இருந்தால் அந்த வேகத்திலேயே தானாகவும் விழும்.

காலையில் வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்தில் (டூல்பாக்ஸ் மீட்டிங்) இதைப் பற்றிக் கேட்டேன். ஒரு தம்பி வலது முழங்கையை இடுப்போடு ஒட்டி, விரல்களை நீட்டிப் பிடித்து, நுனியில் எதுவோ பட்டதுபோலக் கையை நெற்றிக்குச் சுண்டிக் காட்டினார். "எகிறிரும்ணே, நுனிய எங்கயும் குத்தக்கூடாது." சொல், திசை, காரணம் எல்லாம் அதிலேயே வந்துவிட்டன. எனவே என் பரிந்துரை நுனியெகிறல். வினையாக 'நுனி எகிறும்' என்று சொல்லிக்கொள்ளலாம். மற்ற இரண்டுக்கும் இழுப்பு, தள்ளல். எகிறல் கொச்சை என்று ஒருவர் முகம் சுளித்திருந்தார். ஆபத்தைச் சொல்லும் சொல் ஆளுக்கு உடனே உறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மெஷினைத் தேர்ந்தெடுப்பதிலும் இந்தச் சொல் தேவைப்படுகிறது. இங்கே மரப் பாதுகாப்புப் பகுதிகளில் சுற்றளவு 1 மீட்டரைத் தாண்டிய மரத்தைப் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. அங்கே அனுமதி இல்லாமல் வெட்டக்கூடிய பெரிய மரமே 1 மீட்டர் சுற்றளவு, அதாவது விட்டம் 32 செ.மீ. அதற்கு 261-இல் போடும் 16 அங்குல பார், அதாவது 40 செ.மீ., தாராளம். புயல் காற்றில் சாய்ந்த தூங்குமூஞ்சியின் கிளைகளைக் கழிக்கவும் அதுவே போதும். அடிமரம் என்று வந்தால்தான் 462-உம் 25 அங்குல பாரும். "பெருசு இருக்கும்போது சின்னது எதுக்கு" என்று எல்லா வேலைக்கும் 462-ஐத் தூக்குகிறவர்கள் உண்டு. கிளைக் குவியலுக்குள் நீள பாரின் நுனி எங்கே போய் இடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மதியத்துக்குமேல் 6 கிலோ கையைத் தளர்த்தும். தளர்ந்த கையில் எகிறினால் பிடித்து நிறுத்த முடியாது. குறிப்பில் இதைத் தடித்த எழுத்தில் போடப் போகிறேன். முதலாளியிடம் இன்னொரு 261 கேட்டிருக்கிறேன், அது தனிக்கதை.

மரம் சாயும் பக்கம் போடும் வெட்டுக்கு முன்வெட்டு, எதிர்ப்பக்கத்து வெட்டுக்குப் பின்வெட்டு, நடுவில் அறுக்காமல் விடும் கட்டைக்குக் கீல்: குழுமத்தில் சொன்ன இவற்றை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் பாக்கி. பார் தொடங்கும் இடத்தில் மரத்தைக் கவ்விக்கொள்ள இரும்புப் பற்கள் இருக்கின்றன அல்லவா? எங்கள் ஆட்கள் முள் என்கிறார்கள். 'பிடிபல்' எப்படி? சங்கிலியின் வெட்டுப்பல்லோடு குழம்பும் என்று தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அன்று அச்சுக்குக் கொடுக்கிறேன்.