கலைச்சொல் விவாதம்: ‘யிங்பி ஷூஃபா’வுக்குத் தமிழில் என்ன பெயர்?

பொருள்: யிங்பி ஷூஃபா – தமிழ்ச்சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

சீன எழுத்தைப் பேனாவால் திருத்தமாக எழுதிப் பழகுவதற்கு ஒரு கையேடு தமிழில் தயாராகிறது. தலைப்பிலேயே சிக்கல். சீனத்தில் இதற்கு ‘யிங்பி ஷூஃபா’ என்று பெயர். யிங் – கடினமான; பி – எழுதுகோல்; ஷூ – எழுத்து; ஃபா – முறை, விதி. விலங்குமயிர்த் தூரிகை ‘மாவ்பி’. பென்சில், மைப்பேனா, ஜெல் பேனா எல்லாம் ‘யிங்பி’. 1980களில் பாங் ஜோங்ஹுவாவின் பயிற்சி ஏடுகளால் சீனா முழுக்கப் பரவிய பழக்கம் இது. இன்று பள்ளிப் பாடமாகவும் இருக்கிறது. சீனக் கல்வி அமைச்சகத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி முதல் இரண்டு வகுப்புகளில் பென்சில், மூன்றாம் வகுப்பிலிருந்து மைப்பேனாவும் தூரிகையும்.

‘வன்கோல் எழுத்தணிக்கலை’ என்று வைக்கலாமா? கூடவே கோட்டு வகைகள், பயிற்சி ஏடு, கட்டத்தாள், எழுத்தின் உள்ளமைப்பு ஆகியவற்றுக்கும் சொற்கள் வேண்டும்.

---

மறு: யிங்பி ஷூஃபா – தமிழ்ச்சொல் வேண்டும்

> ‘வன்கோல் எழுத்தணிக்கலை’ என்று வைக்கலாமா?

அம்மா, இரண்டு பாதிகளிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

‘வன்கோல்’ என்றதும் கொடுங்கோல் நினைவுக்கு வருகிறது. அதைவிடப் பெரிய குறை, பொருளே பொருந்தவில்லை. தூரிகையின் கோலும் மூங்கில்தான், அதுவும் கடினம்தான். வேறுபடுவது முனை. தூரிகையின் முனை வளையும், விரியும், அழுத்தினால் கீற்று விரலளவுகூடத் தடிக்கும். பேனா முனை வளையாது, எவ்வளவு அழுத்தினாலும் தடிப்பு மயிரிழைதான் மாறும். ஆகவே ‘வன்முனை’, ‘மென்முனை’. வல்லினம் மெல்லினம் படித்தவர்களுக்கும் வன்பொருள் மென்பொருள் புழங்குகிறவர்களுக்கும் இந்த இணை உடனே விளங்கும். ‘கூர்முனை’ வேண்டாம். நல்ல தூரிகையின் நுனியும் ஊசிபோலக் குவியும்.

அடுத்தது ‘எழுத்தணி’. அரபு எழுத்துக்கலைக்கு அந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது. ஆனால் அணி என்பது மேலே பூட்டுவது. பேனாவால் எழுதும் சீன எழுத்தில் மேலே பூட்ட ஒன்றுமே இல்லை. எந்தக் கீற்று நீளம், எது குட்டை, எங்கே இடைவெளி என்பதில்தான் அழகு முழுவதும். இந்தக் கலையைச் சீனர் ‘முறை’ (ஷூஃபா) என்கிறார்கள், ஜப்பானியர் ‘வழி’ (ஷோதோ) என்கிறார்கள், கொரியர் ‘கலை’ (சோயே) என்கிறார்கள். மூவரில் ஒருவரும் ‘அலங்காரம்’ என்று சொல்லவில்லை.

‘எழுத்துமுறை’ நேரான மொழிபெயர்ப்பு. ஆனால் அது ஒரு மொழியின் வரிவடிவ அமைப்பைக் குறிக்க ஏற்கெனவே நிலைத்துவிட்டது. எனவே ‘எழுத்துநெறி’. முழுப்பெயர் ‘வன்முனை எழுத்துநெறி’. கையேட்டின் உள்ளே ஓட்டமாக எழுதும்போது ‘பேனா எழுத்து’ என்றே எழுதுங்கள். படிப்பவர் கையில் இருப்பது பேனாதான்.

---

மறு: மறு: யிங்பி ஷூஃபா – தமிழ்ச்சொல் வேண்டும்

வன்முனை எழுத்துநெறிக்கு என் ஆதரவு. மேல் மடலில் தானாகவே ‘கீற்று’ வந்து விழுந்திருக்கிறது. பேனா எடுக்காமல் இழுக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் சீனத்தில் ‘பிஹுவா’ என்று பெயர், அதற்கு இதையே வைத்துக்கொள்ளலாம். ‘கோடு’ என்றால் தொடக்கமும் முடிவும் ஒரே தடிப்பு. ஒளிக்கீற்று, மாங்காய்க் கீற்று என்னும்போது ஒரு முனை தடித்து மறுமுனை மெலிவது கண்ணில் தெரிகிறது.

வகைகளுக்குப் புதிதாகத் தேட வேண்டாம். நம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும்போது கொம்பு, கால், சுழி, கொக்கி என்று உறுப்புக்குப் பெயர் வைத்துத்தான் சொல்கிறோம். அதே போக்கில்:

ஹெங் – கிடை. ஷூ – நிலை. ஜே – மடக்கு. கோவ் – கொக்கி. தி – ஏற்று, கீழிடமிருந்து மேல்வலம் ஏறுவதால். இந்த ஐந்திலும் விவாதம் இருக்காது என்று நினைக்கிறேன். மற்ற மூன்றையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

‘டியென்’ என்பதற்குப் ‘புள்ளி’ என்று எழுதினால் தமிழர் மெய்யெழுத்துப் புள்ளியைத்தான் வைப்பார்கள், பேனாவை ஊன்றி எடுத்த வட்டமாக. சீனத்தில் அது வட்டம் கிடையாது. மெலிந்த நுனியில் தொடங்கி வலக்கீழாக இறங்கி, அடியில் ஒரு கணம் நின்று, வந்த திசைக்கே சற்று மடங்கி எழும். சன்னல் கண்ணாடியில் சாய்வாக வழியும் மழைத்துளியின் வடிவம். அதனால் ‘துளி’.

‘பியே’ இடக்கீழாகச் செல்வது, ‘நா’ வலக்கீழாகச் செல்வது. ‘இடச்சாய்வு, வலச்சாய்வு’ என்று திசையால் பெயர் வைத்தால் இரண்டும் கண்ணாடிப் பிம்பங்கள் என்று எண்ணத் தோன்றும். கையின் செயல் இரண்டிலும் நேர்மாறு. பியேயில் தொடக்கத்தில் அழுத்தம், பிறகு வேகம் கூடி நுனி காற்றில் கூராக முடியும். நாவில் மெலிதாகத் தொடங்கி, இறங்க இறங்க மெல்ல அழுத்தம் கூட்டி, அடியில் நின்று, பிறகு வலப்பக்கம் கிட்டத்தட்டக் கிடையாக இழுத்துக்கொண்டே பேனாவைத் தூக்க வேண்டும். அந்த நிறுத்தம் இல்லாவிட்டால் கீற்று சறுக்கிக்கொண்டு போய்விடும். தொடங்கியவர் எழுத்தில் அதிகம் கெடுவது இந்தக் கீற்றுதான். செயலை வைத்துப் பெயர் சொன்னால் பியே ‘வீச்சு’, நா ‘மிதி’. சீனச் சொல்லுக்கும் அழுத்துதல் என்றுதான் பொருள். அதன் முடிவுப் பகுதியைச் சீனர் ‘பாதம்’ என்றே சொல்கிறார்கள், மிதிக்குப் பாதம் பொருந்துகிறது.

---

மறு: பயிற்சி ஏடு, கட்டத்தாள்

துளி, வீச்சு, மிதி மூன்றும் அருமை.

‘ட்ஸதியே’ என்பது பார்த்து எழுதுவதற்கான மாதிரி ஏடு. ‘காப்பி நோட்டு’ என்கிறோம், ‘பயிற்சி ஏடு’ என்றும் எழுதிவிட்டோம். ஆனால் தமிழில் இதற்கு ஒரு பழைய சொல் இருக்கிறது: ‘மேல்வரிச் சட்டம்’. ஆசிரியர் தலைப்பில் ஒரு வரி எழுதிக் கொடுப்பார், மாணவர் அதைப் பார்த்துக் கீழே எழுதுவார். இவ்வளவு சரியான சொல்லை வைத்துக்கொண்டு புதிதாக ஆக்குவது வீண்வேலை. ‘சட்டம்’ என்று சுருக்கியும் சொல்லலாம். மாதிரி என்பதும் விதி என்பதும் அந்த ஒரே சொல்லில் இருப்பதால் ‘ஃபா’வுக்கும் நெருக்கமாக வருகிறது.

சட்டத்தை வைத்துச் செய்யும் பயிற்சிகளுக்குத் தனித்தனிப் பெயர் கட்டாயம் வேண்டும். எல்லாவற்றையும் ‘காப்பி எழுதுதல்’ என்று ஒன்றாகச் சொல்வதால்தான் மாதக்கணக்கில் எழுதியும் கையெழுத்து மாறாமல் நின்றுவிடுகிறது.

‘மியாவ்ஹொங்’: வெளிர்சிவப்பில் அச்சிட்ட எழுத்தின் மேலேயே எழுதுவது. ‘தடமெழுதல்’ என்பேன். கைக்குத் திசை பழகும், கண் ஒன்றும் கற்காது. தடத்தை விட்டு விலகக் கூடாதென்று மெதுவாக ஊர்வதால் கீற்றில் நடுக்கமும் ஏறிவிடும். ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் வேண்டாம்.

‘லின்தியே’: சட்டத்தை அருகில் வைத்துப் பார்த்து எழுதுவது. ‘பார்த்தெழுதல்’. பயிற்சியின் உயிர் இங்கேதான்.

‘பெய்லின்’: சட்டத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதுவது. ‘மூடியெழுதல்’. பேனாவைத் தூக்கியதும் எழுத்து மறந்துபோகிறது என்பது சீனர்களிடம் இன்று பரவலான குறை, தட்டச்சால் வந்தது. அதற்கு மருந்து மூடியெழுதல்.

அளவு: நாளுக்கு 20 முதல் 30 நிமிடம், நான்கைந்து எழுத்து. முதலில் அரை நிமிடம் பேனாவைத் தொடாமல் சட்டத்தைப் பார்க்கணும். எந்தக் கீற்று மிக நீளம், முதல் கீற்று கட்டத்தில் எங்கே தொடங்குகிறது என்று. பிறகு மூன்று முறை பார்த்தெழுதி, சட்டத்தோடு ஒப்பிட்டு, ஒரே ஒரு பிழையைச் சிவப்பில் குறித்து, அதை மட்டும் திருத்தி மறுபடி மூன்று. கடைசியாக மூடியெழுதல் ஒன்று.

ஒரே எழுத்தால் பக்கத்தை நிரப்பக் கூடாது என்பதற்குக் காரணம் ‘மேல்வரி’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. நான்காவது வரிக்கு வந்ததும் கண் தலைப்புக்குப் போவதில்லை, தான் எழுதிய மூன்றாவது வரியைப் பார்க்கிறது. அதிலிருந்த பிழை அப்படியே இறங்கி, கடைசி வரியில் அது பழக்கமாகிவிடுகிறது. எழுதி முடித்த வரிகளை ஒரு தாளால் மறைத்துக்கொண்டே போனால் போதும், கண் சட்டத்துக்குத் திரும்பிவிடும்.

கட்டத்தாளில் இரண்டு வகை முக்கியம். ‘தியென்’ கட்டம் சதுரத்துக்குள் ஒரு கிடைக்கோடும் ஒரு நிலைக்கோடும். வயலைக் குறிக்கும் சீன எழுத்தின் வடிவம் அது. ‘மி’ கட்டம் அதோடு இரு மூலைவிட்டங்களும் சேர்ந்தது, அரிசியைக் குறிக்கும் எழுத்தின் வடிவம். ‘வயற்கட்டம், அரிசிக் கட்டம்’ என்று பெயர்க்கலாமா?

---

மறு: மறு: பயிற்சி ஏடு, கட்டத்தாள்

அரிசிக் கட்டம் வேண்டாம். சீனருக்கு அந்த எழுத்தின் உருவம் கண்ணில் தெரியும், நமக்கு அரிசி மூட்டைதான் தெரியும். வயலுக்கான எழுத்தோ வரப்பிட்ட வயலின் படமே என்பதால் தமிழிலும் பொருள் நிற்கிறது. ஆகவே ‘நாற்பாத்திக் கட்டம்’. மூலைவிட்டமும் சேர்ந்தது ‘எண்பாத்திக் கட்டம்’. எண்ணிப் பார்த்தால் எட்டுத்தான் வரும்.

தொடங்குகிறவர்களுக்கு 1.5 செ.மீ. பக்கமுள்ள கட்டம், 0.5 மி.மீ. ஜெல் பேனா. எழுத்து கட்டத்தில் முக்கால் பங்கை மட்டும் பிடிக்க வேண்டும், அதாவது சுமார் 1.1 செ.மீ. கட்டத்தை முட்டமுட்ட எழுதினால் எல்லாக் கீற்றும் ஒரே நீளமாகிவிடும். தாளுக்கு அடியில் ஐந்தாறு தாள் மெத்தையாக இருக்கட்டும். கண்ணாடி மேசையில் ஒற்றைத் தாளை வைத்தால் பேனா முனையின் குண்டு வழுக்கும், துளியும் மிதியும் அமையவே அமையாது.

உட்காரும் முறைக்குச் சீனப் பள்ளிகளில் சொல்லும் வாய்பாடு ‘ஒரு சி, ஒரு முட்டி, ஒரு சுன்’. கண்ணுக்கும் தாளுக்கும் ஒரு சி, மார்புக்கும் மேசைக்கும் ஒரு முட்டி, விரலுக்கும் பேனா முனைக்கும் ஒரு சுன். சியை ‘அடி’ என்று சொல்வதில் பெரிய தவறில்லை, 33 செ.மீ. சுன்னை ‘அங்குலம்’ என்று எழுதிவிடாதீர்கள். அது 3.3 செ.மீ., அங்குலமோ 2.54தான். அவ்வளவு கீழே பிடித்தால் விரலே முனையை மறைக்கும், அதைப் பார்க்கத் தலை இடப்பக்கம் சாயும், எழுத்தும் சாயும். ‘ஓரடி, ஒரு முட்டி, இருவிரல்’ என்று வைக்கலாம். இரண்டு விரலை முனைக்கு மேலே குறுக்காக வைத்தால் இடம் சரியாக வரும், அளவுகோல் தேவையில்லை.

---

மறு: எழுத்தின் உள்ளமைப்பு

‘ஜோங்கோங்’ விட்டுப்போயிற்று. நேர்ப்பொருள் ‘நடு அரண்மனை’: எழுத்தின் மையத்தில் கீற்றுகள் நெருங்கி நிற்கும் பகுதி. ‘நடுமுற்றம்’ என்று எழுதலாமே?

---

மறு: மறு: எழுத்தின் உள்ளமைப்பு

முற்றம் திறந்தவெளி. இங்கே நிலைமை தலைகீழ். மையம் இறுகியிருக்கும், வெளிக் கீற்றுகள் விரிந்திருக்கும். 632இல் சீன எழுத்துக் கலைஞர் ஔயாங் ஷுன் எழுதிய ஜியுசெங் அரண்மனைக் கல்வெட்டில் இந்த இறுக்கத்தைத் தெளிவாகப் பார்க்கலாம். இன்று பேனா எழுத்துக்குப் பெரிதும் புழங்கும் தியென் யிங்ஜாங்கின் சட்டங்களும் ஔயாங் வழியில் வந்தவை. தொடங்குகிறவர்கள் மையத்தைத் தளரவிட்டு ஓரங்களை ஒடுக்குகிறார்கள். எழுத்து பானைபோல உப்புவதற்கு அதுதான் காரணம்.

‘நடுக்கட்டு’ என்று வைப்போம். இரண்டு கட்டு வீடு என்கிறோமே, அந்தக் கட்டு. இறுக்கிக் கட்டுகிற கட்டும் அதுவே. வீடு, இறுக்கம் இரண்டும் வந்துவிடுகின்றன.

விரிந்து நிற்க ஒரு கீற்றுக்குத்தான் உரிமை. அது ‘தலைக்கீற்று’, சீனத்தில் ‘ஜூபி’. காடு என்று பொருள்படும் ‘லின்’ எழுத்தைப் பாருங்கள். மரம் என்ற எழுத்தைப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முறை எழுதினால் காடு. தனியாக நிற்கும் மரத்துக்குக் கிடை, நிலை, வீச்சு, மிதி என்று நான்கு கீற்று. காட்டில் இடது மரம் ஒடுங்குகிறது, அதன் கிடை வலப்பக்கம் குறைகிறது, மிதி சுருங்கித் துளியாகிறது. வலது மரம் மட்டுமே முழு மிதி போடும். ஓர் எழுத்தில் மிதி ஒன்றுதான் என்பது விதி. இரண்டு மரத்துக்கும் மிதி போட்டால் நடுவில் இரண்டும் மோதி, ஒரே எழுத்து இரண்டு எழுத்தாகப் பிரிந்து தெரியும். இந்த விட்டுக்கொடுத்தலைச் சீனர் ‘பிராங்’ என்கிறார்கள். ‘ஒதுங்கல்’ போதும்.

கிடை பற்றி ஒரு குறிப்பு கையேட்டில் கண்டிப்பாக இடம்பெற வேண்டும். பெயர் கிடை என்பதால் அளவுகோல் வைத்ததுபோல எழுதுவார்கள். வலப்பக்கம் ஐந்து முதல் ஏழு பாகை ஏறினால்தான் கண்ணுக்குச் சமமாகப் படும். நிலையோ தூக்குக்குண்டு விட்டதுபோல நேராக நிற்க வேண்டும். கிடையின் ஏற்றத்துக்காகத் தாளைத் திருப்பி வைத்தால் நிலையும் சாய்ந்துவிடும். தாள் நேராகவே இருக்கட்டும், ஏற்றத்தைக் கைதான் தர வேண்டும்.

---

மறு: கைஷூ, ஷிங்ஷூ

சீன எழுத்துப் பாணிகளின் பெயர்கள், சுருக்கமாக: கைஷூ – ‘செவ்வெழுத்து’ (கை என்றால் முன்மாதிரி). ஷிங்ஷூ – ‘நடையெழுத்து’ (ஷிங் என்றால் நடத்தல்). ட்ஸாவ்ஷூவைப் ‘புல்லெழுத்து’ என்று எழுதுவது பிழை. ட்ஸாவ் புல்லையும் குறிக்கும், அவசர வரைவையும் குறிக்கும், இங்கே இரண்டாவதுதான் பொருள். கையேடு செவ்வெழுத்தோடு நிற்பதால் அதற்கு இப்போது சொல் தேட வேண்டியதில்லை.

---

மறு: சொற்களைச் சோதித்தல்

எல்லாருக்கும் நன்றி. வந்த சொற்களை வைத்து ‘யோங்’ (என்றென்றும்) எழுத்துக்கான பாடத்தை எழுதிப் பார்த்தேன். எட்டு வகைக் கீற்றையும் பழகச் சீனர் நெடுங்காலமாக இந்த ஓர் எழுத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

“எண்பாத்திக் கட்டத்தின் நிலைக்கோட்டின் மேல்பகுதியில் துளி இடுக. அதன் கீழே குறுங்கிடையில் தொடங்கி, மடக்கி, நிலையை நடுக்கோட்டின் மீதே இறக்கி, அடியில் நின்று, இடமேலாகக் கொக்கியிட்டு எடுக்க. இது முழுவதும் பேனா எடுக்காமல் ஒரே கீற்று. இடப்பக்கத்தில் சிறிய ஏற்று, அதன் முனையிலிருந்தே மடக்கி வீச்சு. இதுவும் ஒரே கீற்று. வலப்பக்கத்தில் குறுவீச்சு, அதன் நுனி நிலையைத் தொட்டு நிற்க. அங்கிருந்து மிதி. மிதியே தலைக்கீற்று, பாதம் மற்ற எல்லாவற்றையும் தாண்டி வலப்பக்கம் செல்க.”

ஓரிடத்தில் மட்டும் நாக்கு தடுக்குகிறது. ‘நிலை’யும் ‘நிற்க’வும் அடுத்தடுத்து வருவதால் படிப்பவர் குழம்பக்கூடும். கீற்றின் முடிவில் பேனாவை ஒரு கணம் அழுத்தி நிறுத்துவதற்கு (சீனத்தில் ‘துன்’) ‘ஊன்றுதல்’ என்று மாற்றிவிட்டேன்: “நடுக்கோட்டின் மீதே இறக்கி, அடியில் ஊன்றி, இடமேலாகக் கொக்கியிட்டு எடுக்க.” கொக்கி எழும் முன் கை செய்ய வேண்டியது அந்த ஊன்றல்தான். அது தவறினால் கொக்கி மெலிந்து முறிந்ததுபோல ஆகிவிடுகிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் துளி, மிதி பாடங்களிலும் இதையே இட்டுவிடுகிறேன்.