நாலு மாதமாகக் கையில் ஸ்மார்ட் பேண்ட் கட்டியும் எடை குறையவில்லை, பேண்ட் பிழையா நான் பிழையா?

மலைச்சாரல்_டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 38, உயரம் 154 செ.மீ., எடை 68 கிலோ. மலைநாட்டில் தலவாக்கலைக்குக் கிட்ட ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். கொழும்பில் வேலை செய்யும் தம்பி புது வாட்ச் வாங்கியபோது அடியும் கலோரியும் கணக்குப் பார்க்கும் தன்னுடைய பழைய ஸ்மார்ட் பேண்டை எனக்குத் தந்தான், என் போனிலும் எல்லாம் அவனே போட்டுத் தந்தான். அன்றிலிருந்து குளிக்கும்போது தவிரக் கழற்றியதே இல்லை.

பிரச்சினை இதுதான். பேண்ட் ஒரு நாளைக்கு 2,350 கலோரி அளவில் செலவானதாகக் காட்டுகிறது. சாப்பாட்டை இன்னொரு செயலியில் எழுதி வைக்கிறேன், அது 1,500 தாண்டுவதில்லை. மிச்சம் 850. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்று படித்தேன், அப்படியென்றால் இந்த 120 நாளில் 13 கிலோ இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை, 800 கிராம் கூடியிருக்கிறது! பஸ் ரோட்டிலிருந்து பாடசாலைக்கு அரை மணித்தியாலம் ஏற்றம், அதையும் தினமும் நடக்கிறேன். இரவில் பசியோடு படுத்த நாட்கள் உண்டு. உண்மையாகவே மனம் விட்டுப் போகிறது. பேண்டை மாற்ற வேண்டுமா, செயலியை மாற்ற வேண்டுமா, என் உடம்பில்தான் ஏதாவது கோளாறா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹட்டன்_போன்கடை:

டீச்சர், பேண்டை மாற்றுவதற்கு முன்னால் ஒரு விஷயம் பாருங்கள். செயலியில் சுயவிவரம் என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா என்று என்ன போட்டிருக்கிறது? தம்பியின் பேண்ட் என்கிறீர்கள், அவருடைய கணக்கிலேயே உள்ளே போயிருந்தால் அவருடைய உடம்பைத்தான் அது இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும். கடைக்கு வருகிறவர்களில் இந்தப் பிழையோடு வருகிறவர்கள் நிறையப் பேர்.

மலைச்சாரல்_டீச்சர்:

இப்போதுதான் பார்த்தேன். ஆண், 27 வயது, 178 செ.மீ., 82 கிலோ. நாலு மாதமாக என் தம்பியின் கலோரியைப் பார்த்துத்தான் நான் சோற்றை அளந்திருக்கிறேன்.

ஹட்டன்_போன்கடை:

அதேதான். பேண்ட் காட்டும் மொத்தக் கலோரியில் பெரிய பங்கு நடையால் வருவது இல்லை. சும்மா படுத்துக் கிடந்தாலும் மூச்சுக்கும் இதயத்துக்கும் மூளைக்கும் உடம்பு செலவழிப்பதுதான் அதிகம். அதைப் பேண்ட் அளப்பதே இல்லை, நாம் கொடுத்த விவரத்தை ஒரு சூத்திரத்தில் போட்டுச் சொல்லிவிடுகிறது. எந்தக் கம்பெனி எந்தச் சூத்திரம் என்பது வேறு வேறாக இருக்கலாம், ஆனால் 1990இல் வந்த மிஃப்லின் சூத்திரத்தை நீங்களே போட்டுப் பார்க்கலாம்: எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கைக் கழித்து, பெண் என்றால் இன்னும் 161 கழிக்க வேண்டும், ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும். உங்களுக்கு நாளைக்கு ஏறக்குறைய 1,290 கலோரி. தம்பிக்கு 1,800. ஆக, நீங்கள் கட்டிலை விட்டு எழும்புவதற்கு முன்னாலேயே கணக்கில் 500 கலோரி கூடுதல்.

தம்பியின் கணக்கிலிருந்து வெளியே வந்து உங்கள் பெயரில் புதிதாகத் தொடங்குங்கள். அப்புறம், சாப்பாட்டுச் செயலியில் 'உடற்பயிற்சிக் கலோரியைச் சேர்' என்ற மாதிரி ஒன்று இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நடந்த நடைக்கெல்லாம் சாப்பிட அனுமதி கொடுத்துக்கொண்டே இருக்கும்.

தேயிலைப்பூ:

அக்கா, இந்த மாதிரிப் பேண்ட் கையின் ஆட்டத்தைத்தான் பார்க்கிறது, காலை அது பார்ப்பதில்லை. எங்கள் அம்மா மஸ்கெலியாப் பக்கம் மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். ஆசைக்கு ஒரு நாள் என்னுடையதை அம்மா கையில் கட்டி அனுப்பினேன். பின்னேரம் பார்த்தால் 19,000 காலடி காட்டியது. அம்மா கூட நின்று பார்த்தவள் நான், நிரையில் ஓர் இடத்தில் நின்று இரண்டு கையாலும் சடசடவென்று கிள்ளுவார், அதெல்லாம் நடையாக ஏறியிருக்கிறது. ஆனால் கொழுந்து நிறுவைக்குப் போகும்போது கூடையை முதுகில் போட்டு இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வழுக்கும் படியில் அடி அடியாக ஏறுவார் பாருங்கள், உயிர் போகிற வேலை, அங்கே கை ஆடுவதில்லை, அது கணக்கில் கொஞ்சம்தான். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கோபமே வந்தது. பாடசாலையில் நீங்கள் கரும்பலகையில் எழுதுவது, வீட்டில் உடுப்புத் துவைப்பது, தேங்காய் துருவுவது எல்லாம் இப்படி நடையாக ஏறலாம். எங்கள் ரோட்டில் பஸ் குலுங்குகிற குலுக்கலுக்கும் சில பேண்ட் அடி கூட்டுகிறது.

அப்புத்தளை_நடைக்காரர்:

ஏற்றத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். சமதரையில் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் 68 கிலோ உடம்புக்கு நிமிடத்துக்கு மூன்றரைக் கலோரி அளவில் செலவாகும். அதே வேகத்தில் நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் பாதையில் ஏறினால் ஏழரை. இது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் சூத்திரத்தில் போட்டுப் பார்த்த கணக்கு. அரை மணிக்குச் சமதரை என்றால் 105, ஏற்றம் என்றால் 225. உயரத்தை அறியக் காற்றழுத்தத்தை அளக்கும் உணரி வேண்டும், மலிவான பேண்ட் பலவற்றில் அது கிடையாது. அதற்குத் தலவாக்கலை மலையும் ஒன்று, கொழும்புக் கடற்கரையின் காலிமுகத்திடலும் ஒன்று. இதயத் துடிப்பு கூடுவதை வைத்து ஓரளவு பிடிக்கப் பார்க்கும், அவ்வளவுதான். பின்னேரம் அதே பாதையில் இறங்கும்போது செலவு சமதரையை விடக் குறையும், அதையும் மறக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்தாலும் உங்கள் நடை வீண் போகவில்லை, நல்ல நடை அது.

துடிப்பைப் பற்றியும் ஒரு சொல். பேண்டின் அடியில் பச்சை வெளிச்சம் மின்னுகிறதே, அது தோலுக்குள் போய்த் திரும்பி வரும் அளவை வைத்துத்தான் இரத்தம் வந்து போவதை எண்ணுகிறது. காலை ஆறு மணிக் குளிரில், மார்கழி தையில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி விழுகிற நாளில், தோலின் இரத்தக் குழாய் சுருங்கிவிடும், வெளிச்சத்துக்கு ஒன்றும் சரியாகத் தெரியாது. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, ஆடாத அளவுக்கு இறுக்கிக் கட்டி, சுவெட்டர் கையை அதன் மேல் இழுத்து விடுங்கள். எனக்கு இதில் வித்தியாசம் தெரிந்தது.

ஊவாக்காற்று:

இவ்வளவு பாடு எதற்கு? கழற்றி வைத்துவிட்டு நடங்கள். 2017இல் ஸ்டான்ஃபோர்டில் 60 பேருக்கு ஏழு விதமான பேண்ட், வாட்ச் கட்டிச் சோதித்தார்கள். இதயத் துடிப்பில் ஏழில் ஆறு 5 சதவீதத்துக்குள் சரியாகச் சொன்னது. கலோரியில் ஒன்றுகூடத் தேறவில்லை, இருந்ததில் நல்லதே சராசரியாக 27 சதவீதம் பிழை, மோசமானது 93 சதவீதம். அதற்கு முந்திய வருடம் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 471 பேரை வைத்துச் செய்த ஆய்வில், எடை குறைக்கும் திட்டத்தில் இருந்தவர்களில் கருவி கட்டியவர்கள் இரண்டு வருட முடிவில் 3.5 கிலோதான் குறைந்திருந்தார்கள், கருவி இல்லாமல் தாங்களே எழுதி வைத்தவர்கள் 5.9 கிலோ. பத்தாயிரம் அடி என்கிறார்களே, அதுவும் 1965இல் ஜப்பானில் ஒரு அடி எண்ணும் கருவியை விற்க வைத்த பெயரிலிருந்து வந்த எண்தான்.

ஹட்டன்_போன்கடை:

அண்ணா, ஆய்வு சரி, ஆனால் கழற்றி வைக்கச் சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த ஏழும் பழைய மாடல்கள். கலோரி எண்ணை நம்பிச் சாப்பிடுவதுதான் பிழை. போன கிழமை 6,000 அடி, இந்தக் கிழமை 7,500 என்று தன்னோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கப் பேண்ட் நல்ல துணை. பிழை இருந்தாலும் ஒரே மாதிரிப் பிழையாக இருக்கும் அல்லவா.

கொட்டகலை_அடுப்படி:

தங்கச்சி, எல்லோரும் செலவையே பேசுகிறீர்கள், வரவைப் பார்ப்போம். காலையில் என்ன சாப்பாடு? ரொட்டி என்றால் செயலியில் அதை எப்படி எழுதுகிறீர்கள்? தேத்தண்ணி எத்தனை, அதற்கு எத்தனை கரண்டி சீனி?

மலைச்சாரல்_டீச்சர்:

காலையில் இரண்டு ரொட்டி, சம்பல். செயலியில் நம் ரொட்டி இல்லை, 'சப்பாத்தி, 120 கலோரி' என்று இருந்தது, அதைத்தான் போட்டேன். தேத்தண்ணி நாலு. 'டீ, 2 கலோரி' என்று வரும்.

கொட்டகலை_அடுப்படி:

அங்கேதான் இருக்கிறது. நாளைக்கு மா பிசையும்போது எல்லாவற்றையும் நிறுத்துப் பாருங்கள். செயலி சொல்லும் சப்பாத்தி மெல்லிசு, அதில் தேங்காய்ப்பூவும் கிடையாது. நம் ரொட்டி மலையில் மத்தியானம் வரை வேலை செய்கிற ஆளுக்கு என்று தட்டியது.

மலைச்சாரல்_டீச்சர்:

அண்ணி, நிறுத்தேன். கேக் செய்ய வாங்கிய சின்னத் தராசு அலுமாரியில் கிடந்தது. மாமியார் பிசைய நான் பக்கத்தில் நின்று எழுதினேன். கோதுமை மா 500 கிராம், அரைத் தேங்காயின் பூ 150 கிராம், உப்பு, தண்ணீர். எட்டு உருண்டை. ஒன்றைத் தூக்கித் தராசில் வைத்தால் 112 கிராம். மாவுக்கு 1,800, தேங்காய்க்கு 525 போட்டு எட்டால் பிரித்தால் ஒரு ரொட்டி 290 கலோரி! நான் எழுதியது 120. இரண்டு ரொட்டிக்கு 340 தினமும் விட்டிருக்கிறேன். அப்புறம் சீனியையும் நிறுத்தேன், நான் போடும் குவியல் கரண்டி 8 கிராம், நாலு கிராமுக்கு 16 கலோரி என்றால் ஒரு கோப்பைக்கு 32, நாலுக்கு 128.

1,500 என்று நினைத்துக்கொண்டு 1,970 சாப்பிட்டிருக்கிறேன். என் விவரம் போட்ட பிறகு பேண்ட் நேற்று 1,840 காட்டியது, ஏற்றத்துக்கு இன்னும் கொஞ்சம் கூட்டினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தராசு ஏன் அசையவில்லை என்று இப்போது விளங்குகிறது. உடம்பில் ஏதோ வியாதி என்று பயந்துபோய் இருந்தேன்.

வார்டு_தாதி:

டீச்சர், கணக்கு சரியாக வந்ததில் சந்தோஷம், ஆனாலும் சில விஷயம். உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் எண், 28.7 வருகிறது. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 23க்கு மேல் கவனம், 27.5க்கு மேல் ஆபத்து கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொல்லியிருக்கிறது. இடுப்பை நாடாவால் அளந்து எழுதி வையுங்கள், பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. ஒருமுறை அரச வைத்தியசாலையில் சீனி, பிரஷர், கொழுப்பு, தைரொயிட் பார்த்துவிடுங்கள். களைப்பு, குளிர் தாங்காமை, முடி கொட்டுவது இருந்தால் கட்டாயம் தைரொயிட் பார்க்க வேண்டும். சீனிக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் இதை வாசித்தால் டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம், சீனி சட்டென்று இறங்கி மயங்கி விழுந்தவர்களை நான் தூக்கியிருக்கிறேன்.

பசியோடு படுக்காதீர்கள். நாளைக்கு 300, 350 குறைத்தால் போதும், மெதுவாக இறங்கட்டும். ரொட்டியை ஒன்றாக்கி, பருப்போ முட்டையோ நெத்தலியோ சேர்த்தால் மத்தியானம் வரை தாங்கும். எடையைக் காலையில் தேத்தண்ணிக்கு முன்னால் பாருங்கள், கிழமைக்கு மூன்று நாள் பார்த்துச் சராசரி எடுங்கள். மாதவிடாய்க்குக் கிட்ட ஒரு கிலோ கூடினாலும் அது தண்ணீர், பயப்பட வேண்டாம்.

மலைச்சாரல்_டீச்சர் (மூன்று கிழமைக்குப் பிறகு):

சொன்னபடி வந்து எழுதுகிறேன். 68இலிருந்து 67.1. இடுப்பு 91இலிருந்து 89.5. உருண்டையை 80 கிராமாக்கினோம், எனக்குக் காலையில் ஒன்றும் ஒரு கோப்பைப் பருப்பும். முதல் இரண்டு நாள் மாமியார், 'இதைத் தின்று எப்படி மலை ஏறுவாய்?' என்று மனம் வருந்தினார், இப்போது அவரே தராசை அடுப்படியில் வைத்து நிறுத்துப் பிடிக்கிறார், அவருக்கும் பிரஷர் இருக்கிறது. தேத்தண்ணியில் சீனி அரைக் கரண்டி, அது இன்னும் பழகவில்லை. பேண்டில் கலோரிப் பக்கத்தை மறைத்துவிட்டேன், அடியும் நித்திரையும் மட்டும் பார்க்கிறேன். இரவில் பசி இல்லை.

வார்டு_தாதி:

நல்ல வேகம், இதற்கு மேல் அவசரப்படுத்த வேண்டாம். இரத்தம் பார்த்தீர்களா?

மலைச்சாரல்_டீச்சர்:

வியாழக்கிழமை கிளினிக். தைரொயிட்டும் எழுதச் சொல்லிக் கேட்கிறேன். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போகிறேன், ரிசல்ட் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.